மழையைக் கேட்காமல் பறவையை எண்ணாதீர்கள்

அந்த ஏரியில் நீர்ப்பறவை இல்லை என்று நீங்கள் எழுதியது பொய். தெரியாமல் எழுதிவிட்டோம் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவதற்கும் பொய் என்றுதான் பெயர்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் வனக்காப்பாளர்களே, வனவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவைக் கணக்கெடுப்புக்கு ஜீப்பில் வந்தீர்கள். கரைமேல் நின்று பைனாகுலரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினீர்கள். தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. பறவை கண்ணில் படவில்லை. பூஜ்ஜியம் போட்டுவிட்டு நாஷ்டாவுக்குப் போய்விட்டீர்கள்.

நான் இந்த மாவட்டத்தில் வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். எனக்கு நயமாகப் பேச வராது. வேலையில் இருந்தபோதும் வந்ததில்லை, அதனால் இழந்ததும் உண்டு. எனவே இதைப் படித்து உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். கோபம் வந்தாலாவது போய் அந்த ஏரியைப் பார்ப்பீர்கள்.

இந்த வருஷம் மழை எப்போது வந்தது என்று உங்களில் யாராவது யோசித்தீர்களா? ஐப்பசியில் தூறல். கார்த்திகையில் வெயில். மார்கழி பாதிக்கு மேல்தான் கொட்டித் தீர்த்தது. நீங்கள் எண்ண வந்த அன்று ஏரி அப்போதுதான் நிறைந்திருந்தது. ஏரி மட்டுமா நிறைந்தது? ஆரம்பாக்கம் வரைக்கும் வயல், குட்டை, செங்கல் சூளைப் பள்ளம், ரயில் பாதை ஓரத்துப் பள்ளம் எல்லாம் தண்ணீர். முழங்கால் ஆழத் தண்ணீரில் நத்தையும் மீனும் தவளையும் கிடைக்கும்போது எந்த நாரை ஆள் முழுகும் ஆழத்துக்கு வந்து நிற்கும்? பறவைகள் உங்களுக்கு முதுகுப் பக்கம் வயலில் மேய்ந்துகொண்டிருந்தன. நீங்கள் திரும்பியே பார்க்கவில்லை.

கணக்கெடுப்புக்குத் தேதி வைத்தது நாம். பறவைக்குத் தேதி வைப்பது மழை. வடக்கே குளிர் தாங்காமல் வரும் வாத்துகள் எந்த ஏரியில் இறங்கும் என்பதை மழைதான் முடிவு செய்கிறது. மழை குறைந்த வருஷம் தண்ணீர் மிஞ்சிய ஒன்றிரண்டு ஏரியில் நெருக்கியடித்துக் கிடக்கும். பார்த்தவன் பறவை பெருகிவிட்டது என்பான். மழை கொட்டிய வருஷம் ஊர் ஊராகப் பிரிந்து போய்விடும். பார்த்தவன் பறவை அழிந்துவிட்டது என்பான். பழவேற்காட்டில் தண்ணீர் ஆழமானால் பூநாரை கால் ஊன்ற முடியாமல் வேறு இடம் தேடிப் போகும். நம் நாட்டுக்குள்ளேயே சுற்றும் நத்தைக்குத்தி நாரையும் சங்குவளை நாரையும் ஏரிக்குள் இருக்கும் கருவேல மரங்களைத் தண்ணீர் சூழ்ந்து நின்ற பிறகுதான் கூடு கட்டும். நாயும் நரியும் மனிதனும் கிட்டே வரக்கூடாது என்றால் அதற்குத் தண்ணீர்தான் வேலி. மழை தள்ளிப் போனால் கூடும் தள்ளிப் போகும். இதுதான் விஷயம். இதற்கு மேல் இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

இதே ஏரியில் முன்பு ஒருமுறை இதே பூஜ்ஜியம் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

அதற்கு முந்தைய வருஷம் மழை பொய்த்திருந்தது. ஏரித் தரை வெடித்துக் கிடந்தது. ஆடு மேய்ந்தது. கணக்கெடுப்பு நாளில் பறவை இல்லை, பூஜ்ஜியம் என்று எங்கள் ஆபீஸ் எழுதியது. மழை இல்லாததால் பறவை இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "கணக்கெடுப்புப் பாரத்துல அதுக்கு இடம் இல்லம்மா" என்றார் ரேஞ்சர். மழையைக் கேட்காத பாரத்தை வைத்துக்கொண்டு மழையின் பின்னால் வரும் பறவையை எண்ணுகிறோம். நம் துறையின் லட்சணம் இது.

அடுத்த வருஷம் மழை நேரத்துக்கு வந்தது. கார்த்திகையிலேயே மரமெல்லாம் கூடு. மார்கழியில் குஞ்சு பொரித்துவிட்டன. அப்போதுதான் புயல் வந்து, நிறைந்த ஏரி மேல் இன்னும் கொட்டியது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரைக்குக் கீழே நெல்வயல். கரைக்கு எதிரே, மேட்டுப்பக்கம், இரும்பு உருக்கும் ஒரு கம்பெனி. அதன் சுவரை ஒட்டித் தொழிலாளர் காலனி. ஏரி நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் கலங்கல் என்கிற கற்சுவரின் மேல் வழிந்து கால்வாயில் இறங்கி, கம்பெனி ரோட்டுக்கு அடியில் இருக்கும் சிறுபாலம் வழியாக ஓட வேண்டும். அந்தச் சிறுபாலத்தின் வாயில், இரும்பு உருக்கி மிஞ்சும் கருங்கட்டிகளை லாரி லாரியாகக் கொட்டி அடைத்திருந்தார்கள். தண்ணீருக்கு வழியில்லை. கால்வாய் நிரம்பி நின்றது. ஏரி பின்பக்கமாக ஏறிக் காலனி வீடுகளுக்குள் புகுந்தது.

நான் வண்டியைக் கரையில் போட்டுவிட்டு நடந்து போனபோது கலங்கல் மேல் இரண்டு கும்பல் நின்றது. ஒரு பக்கம் காலனிக்காரர்கள், சுவரை உடைக்கச் சொல்லி. இன்னொரு பக்கம் விவசாயிகள், உடைக்கக் கூடாது என்று. நடுவில் வருவாய்த் துறை அதிகாரி ஒருவர், தலைமேல் ஒருவன் பிடித்த குடையோடு. கால்வாயின் உள்சரிவில், டயர் பாதி தண்ணீரில் முழுக, ஒரு ஜேசிபி, கையைத் தூக்கிக்கொண்டு.

உடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் கால்வாயில் தங்காது. கதிர் பிடித்த சம்பாவை அடித்துக்கொண்டு போகும். ஏரி அடிவரைக்கும் வடியும். அடுத்த போகமான நவரைக்குத் தண்ணீர் கிடையாது. மரத்தடி காய்ந்ததும் நாய்கள் போகும். தாய்ப்பறவைகள் குஞ்சை விட்டுவிட்டுப் பறந்துவிடும். உடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். காலனியில் தண்ணீர் இன்னும் ஏறும்.

விவசாயிகள் பக்கம் முன்னால் நின்றவர் தணிகாசலம். ஏரிக்குக் கீழே முதல் மடை நிலம் அவருடையது. கலங்கல் சுவர்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஏரிக்குள்ள ஊடு கட்டிக்கினு, தண்ணி வருதுன்னா இன்னா பண்றது? தண்ணி அதோட ஊட்டுக்கு வருது" என்றார்.

காலனிப் பக்கத்திலிருந்து எஸ்தர் என்கிற பெண் பாய்ந்து வந்தாள். அதே கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்ப்பவள். "நாங்களா வந்து குந்திக்கினோம்? இங்க எடம் காட்டுனது யாரு? எங்கப்பன் உன் நெலத்துல நாத்து நட்டே செத்தான். ஒரு குடிச போட எடம் குடுத்தியா நீ? எங்க மாமியா கட்டில்மேல படுத்துகினு கீது, கட்டிலு மேசமேல கீது. உன் நெல்லுக்கோசரம் அது முழுவணுமா?"

தணிகாசலம் சுவர்மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.

அதிகாரி என்னைப் பார்த்ததும், நான் வாய் திறப்பதற்கு முன்பே, இரண்டு கும்பலுக்கும் கேட்கிற மாதிரி பேசினார். "உங்களுக்குள்ள சண்ட எதுக்கு? இதோ வந்துட்டாங்க பாருங்க. பறவைக்காகத் தடுக்கறதே இந்தம்மாதான். அவங்க ஆபீஸ் கணக்குலயே போன வருஷம் இங்க பறவை பூஜ்ஜியம். இல்லாத பறவைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்."

அவருக்குப் பின்னால் மரங்களில் குஞ்சுகள் கத்துகிற சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குக் காகிதத்தில் இருப்பதுதான் பறவை.

கும்பல் என் பக்கம் திரும்பியது. "இன்னாம்மா, கொக்குக்கு ஊடு ஓணும், எங்களுக்கு ஓணாமா?" என்று ஒருவன் கத்தினான். சேற்றை வாரி யாரோ வீசினார்கள். என் தோளில் விழுந்தது.

புதிதாக வந்தவர்களே, இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் தவறுவார்கள். சட்டம் பேசுவார்கள். பாதுகாக்க வேண்டிய பட்டியலில் உள்ள பறவை என்பார்கள். வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறவனிடம் பறவை என்ற வார்த்தையை எடுத்தால் அந்த நிமிஷமே நீங்கள் தோற்றீர்கள். தோற்பது மட்டுமல்ல, அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் பறவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எஸ்தரைப் பார்த்து, "உன் மாமியாரை இப்ப யாரு பாத்துக்கிறாங்க?" என்று கேட்டேன்.

அவள் எதிர்பார்க்கவில்லை. "பக்கத்தூட்டுல சொல்லிட்டு வந்தேன்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

தணிகாசலத்திடம் போனேன். "உங்க டிராக்டர் எங்க?"

"எதுக்கு?"

"காலனில நடக்க முடியாதவங்களை, புள்ளைங்களை ஏத்தி ஸ்கூலுக்குக் கொண்டு போவணும். அந்த ஊட்டுங்கள்ல ஆள் இருக்கற வரைக்கும் இந்தச் செவுத்த ஒடைக்கறது நியாயம். நானே ஒடைன்னு சொல்லுவேன். ஆளு வெளிய வந்துட்டா நமக்கு மூச்சு விட நேரம் கெடைக்கும்."

அவர் முறைத்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு டிராக்டரை எடுக்கச் சொன்னார். அந்த டிராக்டரில் காலனிக்காரர்கள் அதற்கு முன்பு ஏறியதெல்லாம் கூலி வேலைக்கு. மாமியாரைப் போர்வையோடு தூக்கி வைக்கும்போது எஸ்தர் சும்மா இருக்கவில்லை. "ஏறு கெயவி. நாத்து நட இல்ல, ஊர்கோலம் போவ" என்றாள். அந்தக் கிழவி மழையில் நனைந்துகொண்டே சிரித்ததை நான் பார்த்தேன்.

டிராக்டர் போய் வருவதற்குள் அதிகாரி பொறுமை இழந்துவிட்டார். "அடிப்பா" என்றார். ஜேசிபியின் கை இறங்கியது. கலங்கலின் மேல்கல் ஒன்று பெயர்ந்து கால்வாயில் விழுந்தது. சுவர்மேல் உட்கார்ந்திருந்த விவசாயிகள் எழுந்து ஓடினார்கள். தணிகாசலம் மட்டும் நகரவில்லை. ஜேசிபி ஓட்டியவன் சீனு என்று ஆந்திர எல்லைப் பக்கத்துப் பையன். "நைனா, நவுரு நைனா, மேல பட்டா நான் பொறுப்பில்ல" என்று கத்தினான்.

நான் ஜேசிபி பக்கம் போய்ப் படியில் ஏறி அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். "சீனு, இத ஒடைச்சா தண்ணி எங்க போவும்?"

"கால்வாயில போவும் மேடம்."

"நீ எங்க நிக்கற?"

அவன் கீழே பார்த்தான். கால்வாய்ச் சரிவில் நின்றுகொண்டிருந்தது அவன் வண்டி. பின்னால் திரும்பிப் பார்த்தான். நிரம்பி அசையாமல் நிற்கிற தண்ணீர். இன்ஜினை அணைத்தான்.

"இன்னாப்பா?" என்றார் அதிகாரி.

"சார், வண்டி போச்சுன்னா ஓனர் என்ன உயிரோட உட மாட்டான். நீங்க வந்து ஓட்டிக்கங்க."

அவ்வளவு பதற்றத்திலும் இரண்டு பக்கத்திலிருந்தும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை விட்டுவிட்டால் மறுபடி வராது என்று தெரிந்தது. "தண்ணிய அடைச்சுக்கினு இருக்கறது இந்தச் செவுரு இல்ல. ரோட்டுக்கு அடியில கம்பெனி கொட்டுனது. அதத் தோண்டணும்னா ரோட்ட வெட்டணும். யாரு வர்றீங்க?" என்று கேட்டேன்.

அதிகாரி குறுக்கே வந்தார். "ரோட்ட வெட்ட உத்தரவு இல்ல. கலங்கல ஒடைக்கத்தான் உத்தரவு." யோசித்துப் பாருங்கள். ஊர் ஏரியை உடைக்க உத்தரவு உடனே கிடைக்கிறது. கம்பெனி ரோட்டில் கை வைக்கத்தான் கிடைப்பதில்லை.

என் போன் அடித்தது. ரேஞ்சர். "உங்களுக்கு எதுக்கும்மா இந்தப் பேஜாரு? கலங்கலும் நம்மளுது இல்ல, ரோடும் நம்மளுது இல்ல. கிளம்பி வந்துடுங்க" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. மரத்தில் இருந்தது மட்டும்தான் எங்களுடையது. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

சிறுபாலம் இருக்கும் கம்பெனி ரோட்டுக்குப் போனோம், சீனு வண்டியோடு. கம்பெனி மேனேஜர் ஏற்கெனவே அங்கே நின்றார். அவருக்குப் பின்னால் லாரிகள். "ரோட்ட வெட்டினா சரக்கு வராது. உலை நின்னுடும். யார் பொறுப்பு?" என்றார். காலனிக்காரர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். காலனியில் பாதிப் பேருக்கு அந்த உலையால்தான் சாப்பாடு. மேனேஜர் எஸ்தரைப் பார்த்து, "நாளைக்கு வேலைக்கு வரணும் இல்ல?" என்றார்.

"வர்றதுக்கு மொதல்ல ஊட்ட உட்டு வெளிய வரணும் சார். தண்ணி உட மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டு எஸ்தர் முதல் லாரிக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் காலனிப் பெண்கள். கொஞ்ச நேரம் தள்ளி நின்ற விவசாயிகளும் எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்தில் உட்காரவில்லை. எதிர்ப்பக்கம்தான். அது போதுமாக இருந்தது.

சீனு என்னைப் பார்த்தான். வெட்டச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. வெட்டினால் தண்ணீர் போகும் என்று நினைத்தேன், நிச்சயம் கிடையாது. அடியில் சிறுபாலத்துக் குழாயே நொறுங்கியிருந்தால் ரோடும் போய், காலனியும் முழுகி, அன்றே என் வேலை போயிருக்கும். யாரிடமாவது கேட்கலாம் என்றால் கேட்கிற இடத்தில் எல்லாம் இல்லை என்ற பதில்தான் இருந்தது. "வெட்டு. சொன்னது நான். யாரு கேட்டாலும் என் பேரச் சொல்லு" என்றேன்.

தார் கிழிந்தது. மண் வந்தது. பிறகு கருங்கட்டிகள், ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவில். தோண்டத் தோண்ட அதுவே வந்தது, தண்ணீர் மட்டும் நகரவில்லை. காலனிக்காரன் ஒருவன், "மேடம், இன்னும் ஏறுது" என்று ஓடி வந்து சொன்னான். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று தோன்றியது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. சீனு வண்டியைப் பின்னால் எடுத்து, கையை முழுக்க நீட்டி, அடியில் குத்தி இழுத்தான். உள்ளே ஏதோ உறுமியது. அடைப்பு மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு போனது. சீனு வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிட்டு, இறங்கி, டயர் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

பொழுது சாய்வதற்குள் காலனித் தெருவில் வாசற்படிகள் தெரிந்தன. ஏரி கலங்கல் மட்டத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது. மரத்தைச் சுற்றித் தண்ணீர் அப்படியே இருந்தது. மாசியில் அந்தக் குஞ்சுகள் கரைக்கு மேலே வட்டம் போட்டதை எஸ்தரின் மாமியார் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைச் சாதனை என்று சொல்ல வரவில்லை. எஸ்தருக்கு மறுநாள் கம்பெனி கேட் திறக்கவில்லை. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது, பதவி உயர்வு தள்ளிப்போனது. பிடுங்கிக்கொண்டு போன கருங்கட்டிகளும் கரிச்சேறும் கால்வாய்க் கரையை உடைத்துத் தணிகாசலத்தின் கீழ்நிலத்தில் போய்ப் படிந்தன. அந்த மடையில் பிறகு பயிர் சரியாக எழும்பவில்லை. டிராக்டர் கொடுத்தவர், சுவர்மேல் உட்கார்ந்தவர், அவர் நிலம்தான் போனது. இன்று வரை அவர் என்னோடு பேசுவதில்லை. அது அவர் உரிமை. அதே நிலைமை மறுபடி வந்தால் நான் மறுபடி வெட்டத்தான் சொல்வேன். நெருக்கடியில் எடுக்கிற முடிவு எல்லோரையும் காப்பாற்றும் என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொன்னவர்கள் நெருக்கடியில் நின்றதில்லை.

ஆனால் அன்றைக்கு அந்த அதிகாரி கையில் இருந்த ஆயுதம் எது? ஜேசிபி இல்லை. நம் ஆபீஸ் கொடுத்த பூஜ்ஜியம். வறண்ட வருஷத்தின் பூஜ்ஜியத்தை நிறைந்த வருஷத்தில் நீட்டினார். எதற்காக இல்லை என்று சொல்லாமல் இல்லை என்று மட்டும் எழுதினால், அதை எவனும் எடுத்து எதற்கும் பயன்படுத்தலாம்.

இப்போது அதே கம்பெனி விரிவாக்கம் கேட்கிறது. ஏரியின் மேட்டுப்பக்கத்தை மண்ணடித்து நிரப்பிக் கிடங்கும் ரோடும் போடப் போகிறதாம். அறிக்கையில் "நீர்ப்பறவைகள் பயன்படுத்தாத ஏரி" என்று இருக்கிறது. ஆதாரம், இந்தத் தை மாதத்து உங்கள் ஞாயிற்றுக்கிழமை.

பங்குனி பிறந்ததும் நான் போய்ப் பார்த்தேன். வயல் தண்ணீர் வற்றிவிட்டது. ஏரி இடுப்பளவுக்கு இறங்கியிருக்கிறது. மரத்துக்கு மரம் கூடு. வாயைப் பிளந்துகொண்டு குஞ்சுகள். தாமதமாக வந்த மழைக்குத் தாமதமாகக் கட்டிய கூடுகள். உங்களில் ஒருவருக்குப் போன் செய்து மறுபடி வந்து எண்ணச் சொன்னேன். "மேடம், நாங்க கேட்டோம். மறு கணக்கெடுப்பு தேவையில்லைன்னு மேல சொல்லிட்டாங்க" என்றார். கேட்டதற்கு உங்களைப் பாராட்டுகிறேன். பதில் கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டதற்குப் பாராட்ட மாட்டேன். மறுபடி எண்ண உத்தரவு வேண்டும். போய்ப் பார்க்க உத்தரவு வேண்டாம். போங்கள். இந்தத் தடவை வயலுக்குள் இறங்குங்கள். மழை எப்போது பெய்தது என்று ஊரில் கேளுங்கள். பாரத்தில் இடம் இல்லையென்றால் அதன் முதுகில் எழுதுங்கள்.

மறு கணக்கெடுப்பு தேவையில்லை என்று சொன்ன மேலதிகாரிக்கு ஒரு வார்த்தை. உங்கள் அறையில் வந்து உங்களிடம் கேட்க எனக்கு விருப்பமில்லை. கோப்பில் நீங்கள் எழுதும் விளக்கமும் வேண்டாம். விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நீங்களே வாருங்கள், ஆள் அனுப்பாதீர்கள். காலனிக்காரர்கள் ஒரு பக்கமும் விவசாயிகள் ஒரு பக்கமும் இருப்பார்கள். மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் மழை எப்போது பெய்தது? ஏரியைச் சுற்றியுள்ள வயலில் இறங்கிப் பார்த்தது யார்? இன்றைக்கு மரத்தில் குஞ்சு இருக்கும்போது, மறுபடி எண்ண வேண்டாம் என்று எதற்காகச் சொன்னீர்கள்?